ஜப்பானிய யோகாய் படநூல்கள்: எது ஊர்க்கதை, எது ஓவியர் கைவேலை?

நீங்கள் கேட்டவை இரண்டு. ஜப்பானிய நாட்டார் கதைகளில் வரும் பேய், பூதம், விசித்திரப் பிராணிகளை (இவற்றை யோகாய் என்பார்கள்) படத்தோடு தொகுத்த பழைய நூல்கள் எவை, எதிலிருந்து தொடங்கலாம் என்பது ஒன்று. அந்த நூல்களில் இருப்பவை எல்லாம் மக்கள் உண்மையில் நம்பி வந்தவையா, இல்லை ஓவியர்கள் உட்கார்ந்து கற்பனை செய்தவையா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியில் தெளிவு இருந்தால்தான் முதல் கேள்விக்குச் சொல்லும் பதில் உங்களுக்கு உதவும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். இரண்டும் கலந்துதான் இருக்கின்றன. சில உருவங்களுக்குக் கதை முதலில் இருந்தது, படம் பிறகு வந்தது. சிலவற்றுக்குப் படம் முதலில் வந்து, கதை ஒன்றிரண்டு நூற்றாண்டு கழித்து ஒட்டிக்கொண்டது. சிலவற்றில் பெயர், உருவம், கதை மூன்றுமே ஒரே ஓவியரின் மேசையில் பிறந்தவை. ஆகவே ஒரு யோகாய் படத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை முதலில் வரைந்தவர் யார், அப்போது இதற்குக் கதை இருந்ததா?" என்பதுதான். இதைக் கேட்காமல் இன்றைய கலைக்களஞ்சியங்களைப் படித்தால் எல்லாமே ஆயிரம் ஆண்டுப் பழைய நம்பிக்கை போலத் தெரியும்.

யோகாய் என்பதில் பேய் மட்டும் இல்லை. ஆற்றில் வாழும் காப்பா, மலையில் திரியும் தெங்கு, உருமாறும் நரி, வயதாகி உயிர்பெற்ற குடை, நடு இரவில் வீட்டுத் தூண்கள் காரணமில்லாமல் அதிர்வது எல்லாமே அதற்குள் வரும். செத்தவர்களின் ஆவியை யூரெய் என்று பெரும்பாலும் தனியாகப் பேசுவார்கள். படநூல்களில் அதுவும் கூடவே இருக்கும்.

இந்தப் படமரபுக்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. ஹெய்யான் காலத்தில் (8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) தலைநகராக இருந்த கியோத்தோவில், சில இரவுகளில் நூறு பேய்கள் தெருவில் ஊர்வலம் போகும் என்று நம்பினார்கள். பிரபுக்கள் பஞ்சாங்கம் பார்த்து அந்த இரவுகளில் வெளியே போகாமல் இருந்தார்கள். அந்த ஊர்வலத்துக்கு 'ஹியாக்கி யக்யோ' என்று பெயர். பின்னால் வந்த பல படநூல்களின் தலைப்பில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

இந்த ஊர்வலத்தைக் காட்டும் சுருள் ஓவியங்களில் மிகப் புகழ்பெற்றது கியோத்தோவின் தாய்தோகுஜி கோயில் வளாகத்தில் உள்ள ஷின்ஜுவானுக்குச் சொந்தமானது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தோசா மித்சுநோபு வரைந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதில் எழுத்தே கிடையாது. வலமிருந்து இடமாகப் பிசாசுகள் ஓடுகின்றன, ஆடுகின்றன, ஒன்றை ஒன்று துரத்துகின்றன. அவற்றில் பல, வீட்டுச் சாமான்கள். கால் முளைத்த ஒரு பீவா (வீணை போன்ற நரம்பு வாத்தியம்), கோத்தோ என்ற இன்னொரு வாத்தியத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. சுருளின் முடிவில் ஒரு பெரிய சிவப்புப் பந்து. அதைக் கண்டு எல்லாம் சிதறி ஓடுகின்றன. அது உதிக்கும் சூரியனா, மந்திர சக்தியால் எழுந்த நெருப்பா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. எழுத்தே இல்லாததால் சுருளுக்குள் அதற்கு விடை கிடையாது.

சாமான்கள் எப்படிப் பேயாகின? அதற்கு அதே முரோமாச்சி காலத்து (14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை) இன்னொரு சுருளில் விளக்கம் இருக்கிறது. ஒரு பொருள் நூறு ஆண்டு புழங்கினால் அதற்கு உயிர் வந்துவிடும், மனிதரை ஏமாற்றும் என்று அந்தச் 'சுக்குமோகாமி' கதை சொல்கிறது. அதனால் ஆண்டு முடிவில் ஒட்டடை அடிக்கும்போது பழைய சாமான்களைத் தெருவில் எறிந்துவிடுகிறார்கள். இத்தனை காலம் உழைத்த நம்மை இப்படி எறிந்துவிட்டார்களே என்று அந்தச் சாமான்களுக்குக் கோபம். கூடிப் பேசுகின்றன, பேயாக மாறி மனிதர்களைப் பழிவாங்குகின்றன. கடைசியில் பௌத்த தெய்வச் சிறுவர்களிடம் தோற்று, துறவு பூண்டு, ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் நெறியில் புத்தநிலை அடைகின்றன. உயிரற்ற பொருள்கூட மோட்சம் பெறலாம் என்று காட்டுவதற்காகச் சமயவாதிகள் பரப்பிய கதை இது. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது அந்தச் சாமான்களின் கோபம்தான்.

சுருள் ஓவியம் கோயில்களிடமும் வசதியானவர்களிடமும் இருந்த பொருள். கையால் வரைந்து கையால் நகலெடுக்க வேண்டும். ஊர்வலமாகக் கலந்து ஓடும் உருவங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) சுருள்களில் நன்றாகத் தெரிகிறது. சவாகி சூஷி என்ற ஓவியர் 1737இல் வரைந்த 'ஹியாக்காய் ஸுகான்' சுருளில் 30 உருவங்கள், ஒவ்வொன்றும் பெயரோடு தனித்தனியே நிற்கின்றன. ஊர்வலம் போய், பட்டியல் வந்துவிட்டது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் அந்தக் காலத்து அறிவுத் தாகமும் இருந்தது. 1666இல் நாகமுரா தெகிசாய் என்ற அறிஞர் செடி, விலங்கு, கருவி, உடை என உலகப் பொருள்களைப் படமும் பெயருமாகத் தொகுத்த 'கின்மோ ஸுயி' வெளியானது. 1712இல் ஒசாகா மருத்துவர் தேராஜிமா ரியோவான் 105 தொகுதிகள் கொண்ட 'வாகான் சன்சாய் ஸுயே' என்ற கலைக்களஞ்சியத்தை முடித்தார். அதில் காப்பாவும் இருக்கிறது, குரங்கு இனங்களோடு சேர்ந்து, மற்ற விலங்குகளுக்குக் கொடுத்த அதே மரியாதையோடு. எங்கே வாழும், எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று விவரம். படம், பெயர், குறிப்பு என்ற இந்த அமைப்பைத்தான் ஒருவர் எடுத்து முழுக்க முழுக்க யோகாய்களுக்காகப் பயன்படுத்தினார். அவர்தான் டோரியாமா செகியென். அவரிடம் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

செகியென் 1712இல் பிறந்து 1788இல் இறந்தவர். கானோ என்ற ஓவியக் குடும்பத்தின் மரபில் ஓவியம் கற்றவர். ஓவிய வரலாற்றில் அவரை உதாமாரோவின் குரு என்றுதான் அதிகம் சொல்வார்கள். அழகிய பெண்களை வரைந்து உலகப் புகழ்பெற்ற அதே கிதாகாவா உதாமாரோதான். 1788இல் உதாமாரோ வெளியிட்ட பூச்சிப் படநூலுக்குச் செகியென் ஒரு பின்னுரை எழுதினார். சிறு பையனாக இருந்தபோதே உதாமாரோ தும்பியையும் சிள்வண்டையும் பிடித்துக் கூர்ந்து பார்ப்பான் என்று அதில் அன்போடு நினைவுகூர்கிறார். பூச்சியைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், கண்ணுக்குத் தெரியாதவற்றையும் அதே கூர்மையோடு வரைந்தார் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

தன் அறுபதுகளில்தான் அவர் முதல் யோகாய் நூலை வெளியிட்டார். 1776இல் 'கஸு ஹியாக்கி யக்யோ', 1779இல் 'கொன்ஜாக்கு கஸு ஸோக்கு ஹியாக்கி', 1781இல் 'கொன்ஜாக்கு ஹியாக்கி ஷூயி', 1784இல் 'ஹியாக்கி சுரேஸுரே புகுரோ'. நான்கிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். முதல் நூலின் பின்னுரையில், சீனத்தில் 'ஷான் ஹாய் ஜிங்' இருக்கிறது, நம் நாட்டில் (கானோ ஓவியர்) மோத்தோநோபு வரைந்த ஹியாக்கி யக்யோ இருக்கிறது, அவற்றிடம் கற்றுக்கொண்டு நானும் தாளையும் தூரிகையையும் அழுக்காக்குகிறேன் என்று எழுதுகிறார். மலை, கடல், அயல்தேசத்து விசித்திரப் பிராணிகளைச் சொல்லும் பழைய சீன நூல் ஒரு பக்கம், கானோ மரபின் சுருள் இன்னொரு பக்கம். தன் கையில் இருப்பது எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவே இல்லை.

இவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட நூல்கள். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் போடுவார். செதுக்குபவர் அதைக் கவிழ்த்து மரப்பலகையில் ஒட்டிச் செதுக்குவார். அச்சிடுபவர் மை தடவி, தாள் வைத்து, கையால் தேய்த்து எடுப்பார். ஒரு முறை செதுக்கிவிட்டால் நூற்றுக்கணக்கில் படி எடுக்கலாம். வாங்க முடியாதவர்கள் வாடகைக்குப் புத்தகம் தருபவர்களிடம் எடுத்துப் படித்தார்கள். கோயில் பெட்டிக்குள் இருந்த பேய்கள் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

முதல் நூலைத் திறந்தால் ஒரு பழைய பைன் மரத்தடியில் முதிய தம்பதி நிற்கிறார்கள். மரத்தின் ஆவியான கொதாமா. அடுத்து தெங்கு, எதிரொலியாக வரும் யாமாபிக்கோ, மலைக்கிழவி யாமாவுபா, இரட்டை வால் பூனை நெக்கோமாத்தா, காப்பா என்று தொடர்கிறது. இவை எல்லாம் ஊர்கள்தோறும் உண்மையிலேயே சொல்லப்பட்டவை. பல பக்கங்களில் பெயர் மட்டும்தான் இருக்கும், விளக்கம் கிடையாது. பார்ப்பவருக்கே தெரியும் என்பதால் தேவைப்படவில்லை.

அதே நூலில் விளக்கமே இல்லாத வேறொரு வகையும் இருக்கிறது. அதுதான் சிக்கல். 'வாயிரா' என்ற உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு போன்ற உடம்பின் முன்பாதி மட்டும் தெரிகிறது, முன்காலில் கொக்கி போல ஒற்றை நகம். 1737ஆம் ஆண்டுச் சுருளிலும் இருக்கிறது, செகியெனிடமும் இருக்கிறது. இரண்டிலும் அது என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை. இன்றைய நூல்களில் வாயிராவின் உணவு, வாழிடம், குணம் பற்றியெல்லாம் படிப்பீர்கள். அத்தனையும் 20ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் சேர்த்தவை.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நூராரிஹ்யோன். நீண்ட மொட்டைத் தலை, நல்ல உடை, ஒரு பெரிய மனிதர் பல்லக்கிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போவது போலச் செகியென் வரைந்திருக்கிறார். குறிப்பு எதுவும் இல்லை. 1929இல் ஃபுஜிசாவா மோரிஹிக்கோ என்ற நாட்டார் கதை ஆய்வாளர் ஒரு தொகுப்பில் இந்தப் படத்தைப் போட்டு, மாலை விளக்கேற்றும் நேரத்தில் வந்து நிற்கும் பேய்களின் தலைவன் என்ற பொருளில் ஒரே ஒரு வரி எழுதினார். அந்த வரி வளர்ந்தது. வீட்டில் எல்லோரும் வேலையாக இருக்கும்போது உள்ளே வந்து, வீட்டுக்காரர் போல உட்கார்ந்து தேநீர் குடிக்கும் என்றார்கள் பிறகு வந்தவர்கள். அப்புறம் கார்ட்டூன்களில் யோகாய்களின் தலைவனாகவே ஆகிவிட்டது. இதே பெயரில் ஒகாயாமா பக்கத்துக் கடலில் வேறொரு வாய்மொழிக் கதை உண்டு. தலை அளவு உருண்டை ஒன்று நீரில் மிதக்கும், பிடிக்கப் போனால் நழுவி மூழ்கும், மறுபடி மிதக்கும். அதற்கும் இந்த மொட்டைத்தலைப் பெரியவருக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை.

இதைச் சொன்னதும் சிலர் ஏமாற்றமாகிவிடுவார்கள், எல்லாம் பொய்யா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் அதற்குக் கதை சொன்னார்கள். நாட்டார் கதை என்பதே அப்படித்தானே வளர்கிறது? 1929இல் சேர்ந்த வரியும் இன்று ஜப்பானியக் குழந்தைகள் நூராரிஹ்யோன் பற்றி அறிந்திருப்பதின் ஒரு பகுதிதான். தேதியைத் தெரிந்துகொண்டு ரசித்தால் போதும்.

செகியெனின் பின்னைய நூல்களில் அவரே வெளிப்படையாக உருவாக்கத் தொடங்குகிறார். இரண்டாவது நூலிலிருந்து படத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார். மூன்றாவது நூலில் 'தோரோதாபோ' என்ற உருவம் வருகிறது. வட நாட்டில் ஒரு கிழவர் பிள்ளைகளுக்காக உழைத்து ஒரு வயல் வாங்கினார். அவர் இறந்த பிறகு மகன் உழவைக் கவனிக்காமல் குடித்து, கடைசியில் வயலை விற்றுவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் சேற்றிலிருந்து ஒற்றைக் கண்ணோடு கறுப்பாக ஒன்று எழுந்து, "வயலைத் திருப்பிக் கொடு, வயலைத் திருப்பிக் கொடு" என்று கத்தும். செகியெனுக்கு முன் இந்தப் பெயரில் ஊர்க்கதை எதுவும் கிடைக்கவில்லை. பல ஆய்வாளர்கள் இதை அவர் காலத்து மனிதர்களைக் கிண்டல் செய்யும் சொல்விளையாட்டாகவே படிக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். நிலத்தை இழந்த உழவனின் குரலை இத்தனை குறைந்த கோடுகளில் வேறு யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. இடுப்புவரை சேற்றில் புதைந்து, மூன்று விரல் கையைத் தூக்கி நிற்கும் அந்த உருவம் நான்கு நூல்களிலும் எனக்கு மிகப் பிடித்தது.

அதே மூன்றாவது நூலில் 'மொகுமொகுரென்'. பாழடைந்த வீட்டின் காகிதக் கதவில் சட்டத்துக்குச் சட்டம் கண்கள். கறுப்பு வெள்ளைக் காய்களால் ஆடும் கோ ஆட்டப் பலகையின் கட்டச் சந்திப்புகளைக் கண் என்று சொல்வதால், இது யாரோ கோ ஆட்டக்காரர் குடியிருந்த வீடாக இருக்கலாம் என்று செகியென் குறிப்பு எழுதுகிறார். வாசகர் சிரிக்க வேண்டும் என்றே எழுதியது. நான்காவது நூல் முழுக்கச் சாமான்கள்: குப்பைமேட்டின் அரசன், பாத்திரங்களே உடம்பாகக் கொண்ட படைத்தலைவன், பீவாப் பேய், கிழிந்த மெத்தைப் பேய், கண்ணாடிப் பேய். முரோமாச்சி சுருளில் ஓடிய அதே சாமான்களை எடுத்து, அதற்குப் பழைய இலக்கியங்களிலிருந்து மேற்கோளும் விளையாட்டும் சேர்த்து, "கனவில் இப்படி நினைத்தேன்" என்று பல பக்கங்களில் முடிக்கிறார். படித்தவர்களுக்கான விளையாட்டு இது. இந்த நூலை நாட்டார் நம்பிக்கையின் பதிவாக எடுத்துக்கொள்வதுதான் இன்று பலரும் செய்யும் தவறு.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் இழையும் இங்கே உண்டு. செகியென் 1779இல் வரைந்த தாமாமோ நோ மாயே, அரசவைப் பெண்ணாக உருமாறிய நரி. பின்னால் விரிந்த கதையில் இந்த ஒன்பது வால் நரி ஜப்பானுக்கு வருவதற்கு முன் சீனத்திலும், அதற்கும் முன் இந்தியாவிலும் அரசர்களைக் கெடுத்ததாகச் சொல்வார்கள். இந்தியாவில் அது மயக்கிய இளவரசனின் பெயர் ஹன்ஸோகு, அதாவது கால்களில் புள்ளி உடையவன். மகாபாரதத்தில் சாபத்தால் நரமாமிசம் தின்ற கல்மாஷபாதன்தான் இவன். பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் போய், ஆயிரம் அரசர்களின் தலையைக் கேட்ட இளவரசனாக ஜப்பான் வந்து, கடைசியில் நரிக் கதைக்குள் புகுந்துவிட்டான். 19ஆம் நூற்றாண்டில் உதாகாவா குனியோஷி இவனை நரியின் உருவம் அச்சுறுத்துவதாக வரைந்த வண்ண அச்சுப்படம் ஒன்று இருக்கிறது.

செகியெனுக்குப் பிறகு வந்தவற்றில் நீங்கள் தவறவிடக் கூடாதது 1841இல் வெளியான 'எஹோன் ஹியாக்கு மொனோகாதாரி'. படம் தாகேஹாரா ஷுன்சென்சாய். வண்ண அச்சு. செகியெனிடம் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: ஒவ்வொரு படத்துக்கும் முழுக் கதை. இரவில் ஆற்றங்கரையில் பயறு கழுவும் சத்தம் எழுப்பும் அஸுகி அராய், மாற்றாந்தாய்க் கொடுமையின் பலனாகப் பிடரியில் இரண்டாவது வாய் முளைத்த பெண், மாலுமிகள் தீவு என்று நினைத்து இறங்கிய பிறகு நீருக்குள் மூழ்கும் பிரம்மாண்டமான திருக்கை மீன். தலைப்பில் உள்ள 'ஹியாக்கு மொனோகாதாரி' ஒரு விளையாட்டின் பெயர். இரவில் கூடி உட்கார்ந்து, நீலத் தாள் சுற்றிய விளக்கில் நூறு திரி ஏற்றி, பேய்க்கதை ஒன்று முடிந்ததும் ஒரு திரியை அணைப்பார்கள். நூறாவது அணைந்தால் உண்மையாகவே ஏதாவது வரும் என்பது நம்பிக்கை. அப்படி வரும் பேயையும் செகியென் வரைந்து வைத்திருக்கிறார், ஆவோ அந்தோன் என்ற பெயரில். இந்த விளையாட்டின் பெயரிலேயே ஓவியர் ஹொகுசாயும் 1830களின் தொடக்கத்தில் ஒரு படவரிசை செய்தார். ஐந்து படங்கள்தான் கிடைக்கின்றன. கிணற்றிலிருந்து எழும் ஓகிக்கு என்ற பணிப்பெண் ஆவியின் கழுத்து தட்டுகளால் ஆனதாக இருக்கும் படம் அதில்தான்.

பட்டியலாக இல்லாமல் நாட்குறிப்பாக அமைந்த ஒரு தொகுப்பும் உண்டு. இன்றைய ஹிரோஷிமா மாவட்டத்தின் மியோஷி ஊரில் 1749ஆம் ஆண்டு ஏழாம் மாதம், இனோ ஹெய்தாரோ என்ற 16 வயது சாமுராய்ப் பையன் வீட்டில் முப்பது நாள் நாளொரு யோகாய் வந்ததாம். ஒரு நாள் தலைகீழாக நடக்கும் பெண் தலை, ஒரு நாள் கூரை கீழே இறங்குவது, இப்படி. பையன் அசையவில்லை. கடைசி நாள் அவற்றின் தலைவன் வந்து பாராட்டி, ஒரு மரச்சுத்தியலைக் கொடுத்துவிட்டுப் போனானாம். இந்தக் கதை எழுத்தாகவும் படச்சுருள்களாகவும் பல படிகளில் பரவியது. 2019இல் அதே மியோஷியில் யோகாய் அருங்காட்சியகம் திறந்தார்கள். யுமோத்தோ கோயிச்சி என்ற ஆய்வாளர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்கள் அங்கே இருக்கின்றன.

மெய்ஜி காலத்தில் (1868–1912) இந்த மரபு வேறு பக்கம் திரும்பியது. யோஷிதோஷி என்ற ஓவியர் 1889இல் தொடங்கிய 36 படங்களின் வரிசையில் பேயைவிடப் பேயைப் பார்ப்பவரின் முகம்தான் முக்கியம். அதே காலத்தில் இனோவே என்ரியோ என்ற தத்துவவாதி, யோகாய் எல்லாம் மூடநம்பிக்கை என்று நிரூபிப்பதற்காகவே ஊர் ஊராகப் போய் அவற்றைத் தொகுத்தார். அழிக்க நினைத்து அவர் சேர்த்தவை இன்று ஆய்வாளர்களுக்கு நல்ல சான்றுகள்.

இப்போது நூரிகபேக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்வியின் முழுச் சிக்கலும் இந்த ஒரு யோகாயில் இருக்கிறது. 1938, 39இல் யனாகிதா குனியோ என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் ஊர்களில் சொல்லப்படும் யோகாய்களின் சொற்பட்டியல் ஒன்றை இதழில் வெளியிட்டார். படமே இல்லாத தொகுப்பு. அதில் ஃபுகுவோகா மாவட்டத்தின் ஓங்கா கடற்கரையில் சொல்லப்படும் நூரிகபே இருந்தது. இரவில் நடந்து போகும்போது திடீரென்று முன்னால் சுவர் நிற்கும், எந்தப் பக்கமும் போக முடியாது. கம்பால் கீழ்ப்பகுதியைத் தட்டினால் மறைந்துவிடும். மேலே தட்டினால் பயனில்லை. அதற்கு உருவம் என்று யாரும் சொல்லவில்லை. அது ஓர் அனுபவம் மட்டும்தான்.

உருவம் கொடுத்தவர் மிஸுகி ஷிகெரு (1922–2015). தோத்தோரி மாவட்டத்தின் சகாய்மினாத்தோவில் வளர்ந்தவர். பக்கத்தில் இருந்த நோன்னோன்பா என்ற பாட்டியிடம் யோகாய்க் கதைகள் கேட்டு வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ரபாவுலில் (இன்றைய பாப்புவா நியூ கினி) இடது கையை இழந்தார். திரும்பி வந்து ஒற்றைக் கையால் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) வரைந்தார். யனாகிதாவின் பட்டியலில் சொல்லாக மட்டும் இருந்த மணல் தூவும் கிழவி, குழந்தை போல அழும் கிழவன், பறக்கும் துணி, நூரிகபே எல்லாவற்றுக்கும் முகம் கொடுத்தார். அவருடைய நூரிகபே கண்ணும் காலும் உள்ள பெரிய சாம்பல் சுவர். இன்று ஜப்பானில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் வரைந்து காட்டுவார்கள். சகாய்மினாத்தோவில் அவர் பெயரிலான தெருவில் 177 வெண்கலச் சிலைகள் நிற்கின்றன.

கதை அதோடு முடியவில்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய யோகாய்ச் சுருள் இருந்தது. அதில் மூன்று கண், தடித்த வெள்ளை உடம்பு, நாய்க்கும் யானைக்கும் இடைப்பட்ட ஒரு பிராணி. பக்கத்தில் 'நூரிகபே' என்று பெயர். 2007இல் இது வெளியே தெரிந்ததும், யுமோத்தோவிடம் பெயர் இல்லாமல் இருந்த அதே உருவத்துக்கும் பெயர் கிடைத்தது. இந்த மூன்று கண் பிராணியும் ஃபுகுவோகாவில் இரவு வழியை மறிக்கும் சுவரும் ஒன்றுதானா? பெயர் ஒன்று. ஆனால் சுருளில் கதை இல்லை, ஊர்க்கதையில் உருவம் இல்லை. இரண்டையும் இணைக்கும் சான்று இதுவரை வரவில்லை. ஆகவே "நூரிகபேயின் உண்மையான உருவம் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

படமே காரியமாக இருந்த யோகாயும் உண்டு. 1846இல் ஹிகோ நாட்டில், அதாவது இன்றைய குமாமோத்தோவில், கடலில் இரவுதோறும் ஏதோ ஒளிர்வதாகப் பேச்சு. அதிகாரி ஒருவர் போய்ப் பார்த்தபோது நீளக் கூந்தல், அலகு, செதில் உடம்போடு ஒன்று தோன்றி, "நான் அமாபியே. ஆறு ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும். நோயும் பரவும். என் உருவத்தை வரைந்து மக்களுக்குக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போனதாக ஓர் அச்சுத்தாள் சொல்கிறது. தெருவில் விற்ற அந்தத் தாளின் படி ஒன்று கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது ஜப்பான் முழுக்க மக்கள் அமாபியேயை வரைந்து பகிர்ந்தார்கள், சுகாதார அமைச்சகமும் விழிப்புணர்வுப் படத்தில் அதைப் பயன்படுத்தியது. 174 ஆண்டு கழித்து அது கேட்டதை மக்கள் செய்தார்கள்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? பெரிய வண்ணக் கலைக்களஞ்சியங்களை முதலில் தொடாதீர்கள். அவற்றில் 1500ஆம் ஆண்டும் 1929ஆம் ஆண்டும் ஒரே பத்தியில் கலந்திருக்கும். ஷின்ஜுவான் சுருளை ஒரு முறை முழுக்கப் பாருங்கள். அப்புறம் செகியெனின் முதல் இரண்டு நூல்கள். இரண்டாவது நூல் பேய்கள் வெளிவரும் அந்தி நேரத்தின் படத்தில் தொடங்கி, சூரியன் உதிப்பதில் முடிகிறது. ஒரு முழு இரவாக அதை ஒரே அமர்வில் பார்ப்பது நல்லது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் ஹிரோகோ யோதாவும் மேட் ஆல்ட்டும் 2016இல் நான்கு நூல்களையும் ஒரே தொகுதியாகக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். செகியெனின் விளையாட்டுகளை அந்தக் குறிப்புகள் இல்லாமல் பிடிப்பது கடினம். கதை வேண்டும் என்பவர்கள் 1841ஆம் ஆண்டு நூலிலிருந்தே தொடங்கலாம், அது யாரையும் கைவிடாது.

மூலப் பக்கங்களைப் பார்க்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகமும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் பழைய படிகளை மின்வடிவில் இலவசமாக வைத்திருக்கின்றன. கியோத்தோவில் உள்ள சர்வதேச ஜப்பானிய ஆய்வு மையம், நாட்டார் வழக்காற்று அறிஞர் கொமாத்சு கஸுஹிக்கோவின் முயற்சியால், ஊர்களில் பதிவான யோகாய்க் குறிப்புகளை 2002 முதல் தரவுத்தளமாகத் தருகிறது. 35,000க்கும் மேற்பட்ட பதிவுகள். யோகாய் படங்களுக்கும் தனியாக ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு யோகாய் பற்றிச் சந்தேகம் வந்தால் பெயரை ஜப்பானிய எழுத்தில் முதல் தரவுத்தளத்தில் தேடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டுப் பதிவு என்று வந்தால் அது மக்கள் வாயில் இருந்தது. அங்கே ஒன்றும் வராமல் படத் தரவுத்தளத்தில் மட்டும் வந்தால், ஓவியர்களின் பக்கம் தேட வேண்டியதுதான்.